ஒராண்டா தங்கமீன் ‘பிரீடிங் செட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: என் 6,800 ரூபாய் போன கதை

என்னிடம் 6,800 ரூபாய் வாங்கிய வண்ண மீன் விற்பனையாளர் நேற்று இரவு என் எண்ணை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். எனக்குக் காட்டிய அதே வீடியோவை இன்று காலையும் தம் பக்கத்தில் போட்டிருக்கிறார் என்பதால், ஆத்திரம் ஆறும்வரை காத்திராமல் இதை எழுதுகிறேன்.

உயிர் மீன்களை இணையம் வழியாக விற்று, பஸ் பார்சலில் அனுப்பும் கடை அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. “ஒரு பெண், இரண்டு ஆண், முட்டையிடத் தயார்” என்று ஒராண்டா தங்கமீன்களை விளம்பரம் செய்திருந்தார்கள். மூன்று மீன்களுக்கு 5,900 ரூபாய், குஞ்சுகளின் முதல் தீனிக்கான ஆர்டீமியா (உப்பு நீரில் வாழும் நுண்ணிய இறால் வகை) முட்டைப் பொட்டலத்துக்கு 900 ரூபாய், ஆக மொத்தம் 6,800.

நான் அவரை நம்பிய இடம் எதுவென்று நன்றாக நினைவிருக்கிறது. உடனே பணம் அனுப்புகிறேன் என்றபோது, “வேண்டாம் அண்ணா, முதல்ல தொட்டியைத் தயார் பண்ணுங்க, ஸ்பாஞ்சு ஃபில்டர் ஓடட்டும், அப்புறம் காசு வாங்கிக்கிறேன்” என்றார். வீடியோ அழைப்பில் மீனை மேலிருந்து காட்டி, வயிறு ஒரு பக்கமாகச் சற்றுப் புடைத்திருப்பதால் அது பெண் என்றும், இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது ஆணுக்குச் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் வெண்புள்ளிகள் வரும் என்றும் பொறுமையாக விளக்கினார். சொன்னதெல்லாம் சரியான தகவல். சென்னை கொளத்தூரில் பண்ணை வைத்திருப்பதாகவும் சொன்னார். பல குடும்பங்கள் நேர்மையாக மீன் வளர்த்துப் பெயர் வாங்கிய ஊர் அது. அந்தப் பெயரையும் சேர்த்தே இவர் விற்றிருக்கிறார்.

தெர்மாகோல் பெட்டியில் மீன்கள் உயிருடன்தான் வந்தன. நன்றாகத் தீனி தின்று தேறிய பிறகு, குளிர்ந்த புது நீரை மாற்றிய மறுநாள் விடியலில், இரண்டு மீன்கள் மூன்றாவதன் வயிற்றை முட்டி முட்டித் தொட்டி முழுக்கத் துரத்தின. தங்கமீன் முட்டை பிசுபிசுப்பாக இருப்பதால் செடியிலோ தொட்டியில் போடும் நைலான் நூல் கொத்திலோ ஒட்டிக்கொள்ளும். பெற்ற மீன்களே தின்றுவிடும் என்பதால் கொத்தை உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்காகக் காலையிலேயே காத்திருந்தேன். கொத்தில் ஒரு முட்டைகூட இல்லை. அடுத்தடுத்த துரத்தல்களிலும் இதே கதை. பிறகு ஒரு நாள், பெண் என்று விற்கப்பட்ட மீனின் செவுள் மூடியில் ரவையைத் தூவியதுபோல வெண்புள்ளிகள் வரிசையாக நின்றன.

படம் எடுத்து அனுப்பினேன். “வயசான பெண்ணுக்கும் புள்ளி வரும்” என்று பதில் வந்தது. அபூர்வமாக அப்படியும் உண்டு என்பதால், எங்கள் ஊரில் வெகுகாலமாக மீன் வளர்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஈரக் கையில் மீனை மல்லாத்திப் பிடித்து, வயிற்றை வால் பக்கமாக மெல்ல நீவினார். பால் போல வெள்ளையாக விந்து வந்தது. மற்ற இரண்டிலும் அதே. மூன்றும் ஆண். பெண் இல்லாத தொட்டியில் ஆண்கள் ஒன்றையொன்று துரத்துவது வழக்கம்தான் என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவர் சோதித்ததை வீடியோ எடுத்துக் கடைக்கு அனுப்பிய பிறகு பதில்களின் தொனி மாறியது. முதலில் “தண்ணியில பிரச்சினை”, பிறகு “ஓனர் ஊரில் இல்லை”, கடைசியாக “உயிரோடு சேரும் என்பதற்குத்தான் கேரண்டி, உயிரோடுதானே வந்தது?” என்றார்கள். செத்து வந்திருந்தால் பணம் திரும்பக் கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

ஆர்டீமியா பொட்டலமும் இதே லட்சணம்தான். முட்டையிலிருந்து வெளிவந்த தங்கமீன் குஞ்சு இரண்டு மூன்று நாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தன் வயிற்றோடு இருக்கும் மஞ்சள் கருவில் பிழைக்கும்; நீந்தத் தொடங்கியதும் நுண்ணிய தீனி கிடைக்காவிட்டால் கொத்துக் கொத்தாகச் சாகும். அதனால் முன்கூட்டியே உப்பு நீரில் காற்று விட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றும் பொரியவில்லை. ஓடு நீக்கி உலர்த்திய, அப்படியே தீனியாகப் போடும் ரகத்தைப் பொரிக்கும் முட்டை என்று 900 ரூபாய்க்குத் தள்ளியிருக்கிறார்கள். கேட்டதற்கு “உங்க உப்பு சரியில்லை” என்றார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 6,800 ரூபாய் திரும்பும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

வாங்கும் முறை பற்றி விரிவாக எழுதத்தான் நினைத்தேன்; இப்போது பொறுமை இல்லை. ஜோடி என்று சொல்லி விற்றால், பெண் மீனைத் தனியாகவும் ஆணின் செவுள் புள்ளியை அருகிலும் காட்டும் வீடியோவை அன்றைய தேதியோடு கேளுங்கள். “தவறான பாலினம் வந்தால் மாற்றித் தருவோம்” என்று எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். குஞ்சாக வாங்கினால் வாயோரம் மீசை இருக்கிறதா என்று பாருங்கள். தங்கமீனுக்கு மீசை கிடையாது, இருந்தால் அது கோய் என்னும் வண்ணக் கெண்டை அல்லது சாதாரணக் கெண்டைக் குஞ்சு. சின்ன வயதில் தங்கமீன் குஞ்சும் பெரும்பாலும் பழுப்பாகவே இருப்பதால் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அந்த விற்பனையாளர் இப்போது குஞ்சுகளையும் விற்கத் தொடங்கியிருக்கிறார்.