லிவிங் டுகெதர் அக்ரிமெண்ட் போட்டுத் தர்றேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க

கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழ்றவங்க, வாழப் போறவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. நாங்க 4 வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். ஆரம்பத்துலயே ஒரு டாக்குமெண்ட் கன்சல்டன்ட்கிட்ட போனோம், அவரு ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமெண்ட் போட்டு நோட்டரி சீல் குத்திட்டா அது ரிஜிஸ்டர் மேரேஜ் மாதிரிதான், வீடு ஜீவனாம்சம் எல்லாத்துக்கும் செல்லும்னு அடிச்சு சொன்னாரு, நம்பி கேட்ட காசைக் கொடுத்து ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம்.

போன வருஷம் பிரச்சனை வந்து என் பார்ட்னர் பூட்டை மாத்திட்டார். வாடகை ஒப்பந்தம் அவர் பேர்ல, என் சர்டிபிகேட் மொதக்கொண்டு எல்லாம் உள்ள. பேப்பரை எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன், இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னுட்டாங்க.

அப்புறம்தான் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன் (பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்க வக்கீல் இலவசம், 1987 சட்டத்துலயே இருக்கு, நிறைய பேருக்குத் தெரியல). வக்கீலம்மா படிச்சிட்டே வந்தவங்க 3வது பக்கத்துல விரலை வச்சு "இது யாரும்மா?"ன்னாங்க. எனக்குத் தெரியாத ஒரு பொண்ணோட பேரு. யாருக்கோ அடிச்ச பேப்பர்ல பேரை மட்டும் மாத்தி எங்களுக்குக் கொடுத்திருக்காங்க, அந்த ஒரு இடம் விட்டுப்போச்சு. அதைவிட மோசம் 7வது ஷரத்து, "நாங்கள் கணவன் மனைவி அல்ல, ஒருவர் மீது ஒருவர் எந்த உரிமையும் கோர மாட்டோம்"னு இருக்கு. அதுக்குக் கீழ என் கையெழுத்து.

நோட்டரிங்கறது நாமதான் கையெழுத்து போட்டோம்ங்கறதுக்கு சாட்சி, அவ்ளோதான், அது உரிமை எதையும் தராது. நம்மள காப்பாத்துறது 2005 குடும்ப வன்முறைச் சட்டம், அதுல திருமணம் போன்ற உறவுல இருக்கிற பெண்ணும் வருவாங்க, வீடு யார் பேர்ல இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்ல இருக்கவும் பண உதவி கேக்கவும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா எப்படிப்பட்ட உறவுன்னு 2010ல வேலுசாமி - பச்சையம்மாள் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு: நாலு பேர் பாக்க கணவன் மனைவி மாதிரி வாழ்ந்திருக்கணும், ரெண்டு பேருக்கும் கல்யாண வயசு ஆகியிருக்கணும், வேற கல்யாணம் இருக்கக் கூடாது, கணிசமான காலம் விரும்பி ஒரே வீட்ல இருந்திருக்கணும். இத்தனை வருஷம்னு கணக்கெல்லாம் இல்ல. இப்ப அந்த 7வது ஷரத்தைத் திரும்பப் படிங்க, நான் நிரூபிக்க வேண்டியதையே நான் இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

எனக்கு உதவியா இருக்கிறது வேற ஒரு பேப்பர், என் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி ஃபார்ம்ல "உறவுமுறை: கணவர்"னு அவரே எழுதி கையெழுத்து போட்டது. ஜாயிண்ட் அக்கவுண்ட் பாஸ்புக், வாடகை அனுப்பின கணக்கு, ரெண்டு பேர் பேரும் போட்டு வந்த அழைப்பிதழ்கள் இதெல்லாம் தேடி எடுத்தேன், நீங்களும் பத்திரமா வைங்க. ஏற்கனவே இப்படி அக்ரிமெண்ட் போட்டிருந்தா உரிமை கோர மாட்டோம்னு வரி இருக்கான்னு இன்னைக்கே பாத்துட்டு ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க.

கேஸ் நடக்குது. அவர் தரப்புல முதல்ல தாக்கல் பண்ண ஆவணமே நாங்க காசு கொடுத்து வாங்கின அந்த அக்ரிமெண்ட்தான். கன்சல்டன்ட் இப்ப என் ஃபோனை எடுக்கறதில்ல.