கொயோட்டியைக் கூப்பிடும் ஒலிப்பெட்டி: பட்டியைக் காக்க உதவுமா?

ஆட்டுக்குட்டி ஒன்று செத்துக் கிடந்த மறுநாளே, கொயோட்டியை (வட அமெரிக்காவில் வாழும், ஓநாய் போன்ற காட்டு நாயினம்) ஒலியால் வரவழைத்துச் சுட உதவும் இந்தப் பெட்டியைப் பலர் தேடி ஓடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் செத்த குட்டியின் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். தாடைக்குக் கீழே, காதை ஒட்டிப் பல் இறங்கிய துளைகள் இருந்து, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தால், உயிரோடு இருந்தபோது தொண்டையைக் கவ்விக் கொன்றிருக்கிறது. மேல் கோரைப்பற்களின் தடங்களுக்கு நடுவே ஏறக்குறைய 28 முதல் 35 மில்லிமீட்டர் இருந்தால் கொயோட்டிதான் என்ற சந்தேகம் வலுக்கும். விலாவுக்குப் பின்னால் வயிற்றைக் கிழித்துக் குடலிலிருந்து தின்னத் தொடங்குவதும் அதன் பழக்கம். காது, வால், தொடை என்று கண்ட இடத்தில் குதறி, நாலைந்து ஆடுகளைக் காயப்படுத்திவிட்டுத் தின்னாமலே போயிருந்தால் அது பெரும்பாலும் பக்கத்துப் பண்ணை நாயின் வேலை. ரத்தக்கட்டே இல்லையென்றால் குட்டி வேறு காரணத்தால் செத்து, கொயோட்டி பிணத்தை மட்டும் தின்றிருக்கும். இந்தக் கடைசி இரண்டுக்கும் ஒலிப்பெட்டி மருந்தல்ல.

அமெரிக்காவில் ஹவாய் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் கொயோட்டி இருக்கிறது. அதனால் ஒலிப்பெட்டிச் சந்தையும் பெரிது. பொருள் எளிமையானது. பதிவு செய்த ஒலிகளை வைத்திருக்கும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதைத் தூரத்திலிருந்து இயக்க ஒரு ரிமோட், பேட்டரி, சில மாடல்களில் கம்பி முனையில் ரோமத்துணி துடிக்கும் ஒரு மின்பொம்மை. இதே வேலையை வாயால் ஊதும் ஊதலும் செய்யும். நல்ல ஊதல் 10 முதல் 30 டாலருக்குள் கிடைக்கும். பல மடங்கு விலை கொடுத்துப் பெட்டி வாங்குவதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று: சத்தம் உங்களிடமிருந்து வராமல் வேறு இடத்திலிருந்து வரும். ஊதலை ஊதினால் கொயோட்டியின் கண், காது, மூக்கு மூன்றும் ஊதுகிறவரை நோக்கியே வரும். பெட்டி 50 மீட்டர் தள்ளி இருந்தால் அது பெட்டியைப் பார்க்கும், நீங்கள் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவரலாம். ஆகவே ரிமோட் சரியில்லாத பெட்டி என்பது விலை கூடிய ஊதல்தான்.

விளம்பரம் பெரிதாகச் சொல்வது ஒலிகளின் எண்ணிக்கையை. 100, 500, 1000 என்று போகும். வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான். ஒரு பட்டிக்காரருக்கு ஆண்டு முழுக்கத் தேவைப்படுவது எட்டுப் பத்து ஒலிகள்: காட்டுமுயல் அலறல், ஜாக்ராபிட் என்ற பெரிய முயலின் அலறல், எலிக் கீச்சொலி, மான்குட்டிக் கத்தல், தனி ஊளை, பெண் கொயோட்டியின் ஊளை, சவால் ஊளை, கொயோட்டிக் குட்டியின் வலிக்கூவல். பட்டியலில் கொயோட்டியின் சொந்தக் குரல்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மலிவுப் பெட்டிகளில் முயல் அலறலே பல வேஷம் போட்டிருக்கும். ஐகோடெக் ஜிசி300 போன்ற தொடக்கநிலைப் பெட்டியில் 12 ஒலிகள் நிலையாகப் பதிந்திருக்கும், புதிதாக ஏற்ற முடியாது. பருவத்துக்கேற்ப ஒலி மாற்ற வேண்டிய பட்டிக்காரருக்கு அது கொஞ்ச நாளில் கையைக் கட்டிவிடும். ஒலிக்கோப்புகளை நீங்களே ஏற்றவும் நீக்கவும் முடிகிற பெட்டியையே வாங்குங்கள்.

ஏற்றும் கோப்பின் தரமும் முக்கியம். 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள பகுதி பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். நம் காதுக்கு வித்தியாசம் தெரியாது, நாயினத்தின் கேட்கும் திறனோ நம்மைவிட வெகுதூரம் மேலே போகிறது. முழு ஒலி அளவில் வைத்துக் கேளுங்கள். அலறல் கரகரத்து உடைந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். குழல்வாய் ஸ்பீக்கர் அலறலைத் தூரம் எறியும், ஆனால் ஊளையின் அடிக்குரல் அதில் மெலிந்துபோகும். இரண்டு வகை ஸ்பீக்கரும் சேர்ந்த பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

ரிமோட்டுக்கு வருவோம். அட்டையில் எழுதியிருக்கும் தூரம், இடையில் தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. பெட்டியைப் புல் தரையில் வைத்து, நடுவில் புதரும் மேடும் இருந்தால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. பெட்டியை வேலிக்கம்பத்தின் அடியிலோ புதரின் கவட்டிலோ முழங்கால் உயரத்துக்கு ஏற்றி, ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ரிமோட்டின் திரை வெளிச்சத்தை அணைக்க முடிகிறதா, கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா, அழுத்தும்போது ‘பீப்’ கேட்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரவில் முகத்தில் விழும் நீலவெளிச்சம் நீங்கள் மறைந்து உட்கார்ந்ததையே வீணாக்கிவிடும். பென்சில்வேனியாவின் லூயிஸ்டவுனில் இயங்கும் ஃபாக்ஸ்புரோ நிறுவனத்தின் பெட்டிகளில் ஃபாக்ஸ்பேங் என்றொரு வசதி உண்டு. துப்பாக்கி வெடித்த சத்தத்தைக் கேட்டதும், முன்பே குறித்து வைத்த ஒலிக்குப் பெட்டி தானாக மாறும். இது உண்மையிலேயே பயன் தரும் அம்சம். ஜோடியில் ஒன்று விழுந்தபின் இன்னொன்றை நிறுத்தித் திருப்ப உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். அப்போது கை துப்பாக்கியில் இருக்கும், ரிமோட்டில் இருக்காது.

பேட்டரி கைவிடுவது பெரும்பாலும் குளிரில். உறைபனிக் காலையில் சாதாரண ஆல்கலைன் செல் சீக்கிரம் படுத்துவிடும். முதலில் குறைவது ஒலி அளவு, பிறகு ரிமோட்டின் எட்டும் தூரம். பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் லித்தியம் செல்லோ நல்ல ரீசார்ஜ் செல்லோ போட்டுப் பாருங்கள்.

பொம்மை தேவையா? பகலில், குட்டைப்புல் நிலத்தில் தேவை. பெட்டியிலிருந்து ஓரிரண்டு மீட்டர் தள்ளி நட்டால் போதும். உயரப்புல்லில் அது வெறும் சுமை.

இனி விஷயத்தின் மையம். எந்தக் கொயோட்டியைக் கூப்பிடுகிறீர்கள் என்பதே இந்தக் கருவி உதவியதா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவின் மெண்டோசினோ மாவட்டத்தில் ஹாப்லேண்ட் ஆய்வு மையத்தில், 1990களில் கொயோட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். ஆடு கொன்றவை பெரும்பாலும் அந்த மேய்ச்சலைத் தம் எல்லையாக வைத்து இனம்பெருக்கிய ஜோடிகள். நாடோடியாகத் திரிந்த இளசுகள் அல்ல. அந்த ஜோடியை அகற்றியபோது இழப்பு குறைந்தது. புதிய ஜோடி குடியேறியதும் மறுபடி தொடங்கியது. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுக் கூட்டத்தையே குறைத்துவிடலாம் என்ற கணக்கும் எடுபடாது. 1975இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் செய்த கணிப்பின்படி, ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கைக் கொன்றால்கூட இனம் அற்றுப்போக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும்.

ஆகவே ஒலியைப் பருவத்தோடு பொருத்த வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். அப்போது தனி ஊளையும் பெண் ஊளையும் எல்லைக்காரரை, அதாவது அந்த எல்லை பிடித்த ஜோடியை, வெளியே கொண்டுவரும். கரு சுமார் 63 நாள். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கும். செம்மறிக்குட்டிகளும் அப்போதுதான் மேய்ச்சலில் துள்ளும். குகையில் ஐந்தாறு வாய்க்கு இரை தேடும் பெற்றோர்தான் பட்டியை அதிகம் தாக்கும். மே முதல் ஜூலை வரை கொயோட்டிக் குட்டியின் வலிக்கூவலை விட்டால், இரை ஒலிக்கு அசையாத அந்தப் பெற்றோரும் குட்டியைக் காக்க ஓடிவரும். பெட்டிக்குக் கொடுத்த விலைக்கு ஈடு கிடைப்பது இந்த மூன்று மாதத்தில்தான். இலையுதிர் காலத்தில் முயல் அலறல் போட்டால் அனுபவமில்லாத இளசுகள் வரிசையாக வரும். எண்ணிக்கை கூடும், பட்டியின் இழப்போ அப்படியே இருக்கும். ஒலிப்பெட்டியைப் புகழ்ந்து எழுதுவோரும் பழித்து எழுதுவோரும் பெரும்பாலும் இந்த இரண்டு பருவங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அமரும் முறை: வண்டியை மேட்டுக்குப் பின்னால் மறைவாக நிறுத்துங்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள், மேட்டின் முகட்டில் நடக்காதீர்கள். ஒலியே தொடங்காமல் வேட்டை தோற்பது இந்த மூன்றால்தான். காற்று இடக்கன்னத்தில் படும்படி, முதுகுக்குப் பின் ஒரு புதரோடு உட்காருங்கள். பெட்டி 40, 50 மீட்டர் முன்னால், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, வாய் உங்களுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். கொயோட்டி நேராக வராது. சத்தம் வரும் இடத்தின் மோப்பம் கிடைக்கும் பக்கத்துக்கு, அதாவது காற்று போகும் பக்கத்துக்கு வளைத்து வரும். இப்படி வைத்தால் அந்த வளைவு உங்கள் வாடையைத் தொடுவதற்கு முன் நேர் முன்னால் திறந்த வெளியில் விழும். பெட்டியைத் தங்களுக்குப் பின்னால் வைத்தவர்கள் ‘ஒன்றும் வரவில்லை’ என்பார்கள். வந்திருக்கும், வாடை பிடித்துத் திரும்பியிருக்கும்.

முதல் ஓரிரு நிமிடம் ஒலியைத் தாழ்த்தியே வையுங்கள். 200 மீட்டரில் படுத்திருக்கும் விலங்கின் காதில் முழு அலறலை அறைந்தால் அது ஓடத்தான் செய்யும். இரை ஒலிக்கு 15, 20 நிமிடம் போதும். ஊளைக்கு அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும், வருவது மெதுவாக, சத்தமின்றி வரும். அடுத்த இடம் 800 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், சமவெளியில் ஒன்றரைக் கிலோமீட்டர். விலங்கு ஓடிக்கொண்டே இருந்தால் பெட்டியை ஊமையாக்கி வாயால் ஒருமுறை குரையுங்கள், நின்று பார்க்கும். ரைஃபிளில் .223 ரெமிங்டன் ரகம், 50 முதல் 55 கிரெய்ன் எடையுள்ள தோட்டா இந்த வேலைக்குப் போதும். புதர்க்காட்டில் 12 கேஜ் ஷாட்கன், 35 மீட்டருக்குள். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடாதீர்கள். தவறிய ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் போகும்.

கருவியின் பெரிய குறை அதைப் பிழையாகப் பயன்படுத்துவதில் பிறக்கிறது. ஒருமுறை வந்து, ஆளைப் பார்த்து அல்லது குறி தப்பிப் போன கொயோட்டி அந்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை 400 மீட்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும். நீங்கள் தேடும் எல்லைக்காரரே அப்படிப் படித்துவிட்டால் பெட்டி அந்தப் பண்ணையில் செத்த கருவி. வாரா வாரம் ஒரே மேட்டிலிருந்து ஒரே முயலை அலறவிடுவதுதான் பெட்டியை இப்படிக் கெடுத்துக்கொள்ள நேர்வழி. புது இடம், புது ஒலி, இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டால்தான் தாங்கும்.

இன்னொரு ஆபத்தைப் பெட்டியின் கையேடுகள் போதுமான அளவு சொல்வதில்லை. கிரேட் பிரனீஸ், அனடோலியன் போன்ற காவல் நாய்கள் இருக்கும் பண்ணையில், அலறலைக் கேட்டு முதலில் பாய்ந்து வருவது அந்த நாய்தான். இரவில் வெப்பக்கண்ணாடியில் தெரிவது உடற்சூடு மட்டும். காவல் நாய், பக்கத்து வீட்டு நாய், கன்று எல்லாம் வெள்ளைப் பொட்டுதான். உங்கள் நாயை அடைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும். வட கரோலினாவின் கிழக்குக் கோடியில் சிவப்பு ஓநாய் வாழும் ஐந்து மாவட்டங்களில் கொயோட்டியை இரவில் வேட்டையாடவே தடை, காரணம் இந்த ஆள்மாறாட்டம்தான்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில், கால்நடையையோ வளர்ப்புப் பிராணியையோ கோழியையோ தாக்கிய, தாக்கப்போகும் கொயோட்டியைச் சுட வேட்டை உரிமம் வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமில்லாத தோட்டாதான். மின்னொலிக்கு அனுமதி, இரவு வேட்டைக்கு அனுமதி, விளக்குக்கு அனுமதி மூன்றும் தனித்தனி விதிகள். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

வீட்டு நாயையும் பூனையையும் காக்க மட்டும் இதை வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். வீடுகள் நெருங்கிய இடத்தில் சுட முடியாது, சுட முடியாத இடத்தில் கூப்பிடுவது கொயோட்டியை வாசலுக்கு வரப் பழக்குவதாகும். ஆறடி வேலி போட்டு அடியில் தோண்டாதபடி கம்பிவலையை மண்ணில் மடக்குங்கள், வெளியே தீவனம் வைக்காதீர்கள், விடியலிலும் அந்தியிலும் சின்ன நாயைத் தனியே விடாதீர்கள். ஆடு வைத்திருப்பவருக்கும் இரவில் மின்வேலிப் பட்டி முதல் செலவு, பெட்டி இரண்டாவது செலவு.

வாங்குகிறவர் யார் என்றால்: கடிக்காயத்தைப் பார்த்து உறுதி செய்தவர், சுடத் திறந்த நிலம் உள்ளவர், சரியான பருவத்தில் மட்டும் பயன்படுத்தும் பொறுமை உள்ளவர். அவருக்கு நடுத்தர விலைப் பெட்டியே போதும்.

விழுந்த விலங்கைக் கையுறையோடு தூக்குங்கள். சொறி நோய் பட்டி நாய்க்குத் தொற்றும், மேற்கு மாநிலங்களில் அதன் தெள்ளுப்பூச்சி பிளேக்கையும் கொண்டுவரலாம். இழப்பு நின்று இரண்டு மூன்று வாரம் ஆனதும் பெட்டியை உள்ளே வையுங்கள். அதன்பின் அந்த நிலத்தில் குடியேறும் ஜோடி ஆட்டைத் தொடாமல் எலியும் முயலும் தின்று வாழ்ந்தால் அதைக் கூப்பிட வேண்டாம், தன் எல்லைக்குள் வேறு கொயோட்டிகளை அதுவே விடாது. எடுத்து வைக்கும்போது பெட்டியிலும் ரிமோட்டிலும் உள்ள செல்களைக் கழற்றிவிடுங்கள், ஆல்கலைன் கசிந்தால் அடுத்த மே மாதம் தொடர்புத் தகடுகள் பச்சை பூத்திருக்கும்.