டபுள் கிளாஸ் ஜன்னலா? சுவரில் ஏற்றும் முன்னால் சோதித்துப் பாருங்கள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களிடம் "வெயில் உள்ளே வராது, கரண்ட் பில் பாதியாகும்" என்று யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) பிரேமில் இரண்டு கண்ணாடி பதித்த டபுள் கிளாஸ் ஜன்னலைத் தலையில் கட்டுகிறார்கள். கொட்டேஷனில் சதுர அடி விலை மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். கண்ணாடி என்ன கனம், நடுவில் எத்தனை மி.மீ. இடைவெளி, என்ன கோட்டிங், ஒன்றும் இருக்காது.

ஒழுங்கான டபுள் கிளாஸ் ஃபேக்டரியிலேயே சீல் ஆகி வரும். 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 5 மி.மீ. என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. ஓரமெல்லாம் ஓடும் அலுமினியப் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். பட்டையின் இரு பக்கமும் பியூட்டைல் பசை, அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிகான் சீல். மட்டமான வேலையில் பட்டறையிலேயே இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஃபோம் டேப் ஒட்டி, சுற்றிலும் சிலிகான் இழுத்துவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் உள்ளே பனி படர்ந்துவிடும். துடைக்க வழியில்லை, கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

அடுத்த ஏமாற்று, 'லோ-ஈ', அதாவது வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய கோட்டிங் போட்ட கண்ணாடி. சாதா டின்ட் கண்ணாடியையே அந்தப் பேரில் விற்கிறார்கள். வெளிப்பக்கம் நின்று லைட்டரைப் பற்றவைத்துக் கண்ணாடி முன் பிடியுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் இரண்டிரண்டு முகம் என்பதால் நான்கு சுடர் தெரியும். நாலும் ஒரே நிறமென்றால் கோட்டிங்கே இல்லை. உங்கள் பக்கமிருந்து இரண்டாவது சுடர் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் நம் ஊருக்குச் சரி. மூன்றாவது மாறினால் கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், வெப்பம் கூடுதலாக உள்ளே வரும்.

சேல்ஸ்மேன் யூ-வேல்யூவைக் காட்டுவார், அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தால் கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்ற கணக்கு. குளிர் ஊருக்கு அது முக்கியம். இங்கே முதலில் கேட்க வேண்டியது எஸ்ஹெச்ஜிசி, அதாவது வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. சாதா தெளிவான கண்ணாடிக்கு அது 0.8ஐ ஒட்டி இருக்கும். மேற்கு ஜன்னலுக்கு 0.3 பக்கம் கேளுங்கள். வடக்கு ஜன்னலுக்கு இந்தச் செலவு தண்டம். நல்ல சன்ஷேடு இருந்தால் மேற்கிலும் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, இரண்டு கதவு ஸ்லைடிங் பாதிதான் திறக்கும். காற்றுக்கு வெளிப்பக்கம் திறக்கும் கதவே மேல்.

பிரேமுக்குள் நீளம் முழுக்க ஜிஐ (துத்தநாகம் பூசிய) ஸ்டீல் இருக்க வேண்டும். பூட்டு வரும் இடத்தில் மட்டும் துண்டு போட்டு ஒப்பேற்றுவார்கள். பலமான காந்தத்தை நீளம் முழுக்க நகர்த்திப் பாருங்கள், பிடி விட்டால் அங்கே வெறும் பிளாஸ்டிக். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று சாதா ஸ்குரூவைத் தின்றுவிடும். கீல், ஸ்குரூ எல்லாம் எஸ்எஸ் 316 (கடலோரத்துக்கு ஏற்ற துருப்பிடிக்காத ஸ்டீல்) என்று எழுதி வாங்குங்கள். கீழ் டிராக்கில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளை வழியே வடியாவிட்டால் மழைத் தண்ணீர் ஹாலுக்குத்தான் வரும்.

"பில்லில் எல்லாம் போட்டுத் தர்றேன் சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். முதல் பெருமழை வரை கொஞ்சம் பாக்கி வைக்கச் சம்மதிக்காதவருக்கு ஆர்டரே வேண்டாம்.