மாலத்தீவுல எந்தச் சுறாவைப் பாக்கப் போறீங்க?

மாலத்தீவு போறேன், சுறா பாக்கணும்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது எந்தச் சுறான்னுதான். தெற்கு ஆரி அட்டோல்ல (அட்டோல்னா வளையமா இருக்குற பவளத் தீவுக் கூட்டம்) திமிங்கலச் சுறா, ஃபுவாமுலா தீவுல புலிச் சுறா, வாவு அட்டோல்ல க்ரே ரீஃப் சுறா, மூணும் மூணு விதம், செலவும் வேற, டைவிங் பழக்கமும் வேற வேற வேணும்.

திமிங்கலச் சுறாவுக்கு ஸ்நார்க்கெல் போதும், அதாவது தண்ணி மேல மிதந்துக்கிட்டே குழாய்ல மூச்சு விட்டுப் பாக்கலாம், வருஷம் பூரா இருக்கும். அங்க வர்றது பெரும்பாலும் இன்னும் வளர்ந்து முடியாத ஆண் சுறாக்கள், அதுவே நம்ம உயரத்துக்கு மூணு மடங்குக்கு மேல. செவுளுக்குப் பின்னாடி இருக்குற புள்ளிக்கோலம் ஒவ்வொண்ணுக்கும் வேற, கைரேகை மாதிரி, ஃபோட்டோவ வச்சே இது இன்ன சுறான்னு சொல்லிடுறாங்க. ஆனா நான் போன அன்னிக்கு ஒரே சுறாவ ஏழு படகு சுத்திக்கிச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல குதிச்சு அதோட மூஞ்சிக்கு நேரா நீந்துறாங்க, அது பாவம் ரெண்டு நிமிஷத்துல தலையைச் சாய்ச்சு ஆழத்துக்கு இறங்கிடுச்சு. 1995லேர்ந்து அங்க அதைப் பிடிக்கத் தடை இருக்கு, சரி, ஆனா நிம்மதியா மேல வந்து நீந்தவும் விடணும்ல?

ஃபுவாமுலா பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்க, தலைநகர் மாலேலேர்ந்து இன்னொரு ஃப்ளைட் பிடிக்கணும். துறைமுகத்துல மீன் கழிவு கொட்டிக் கொட்டிப் பழகினதால புலிச் சுறாக்கள் துறைமுக வாய்க்கிட்டயே சுத்துது, இப்ப கைடுங்க சூரைத் தலையைக் கல்லுக்கு அடியில சொருகி வைக்கிறாங்க. முதுகைக் காட்டாதீங்க, கண்ணைப் பாத்துக்கிட்டே இருங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்வாங்க. ஒரு பெரிய பொட்டை என்னைத் தாண்டிப் போச்சு, வயசானா வரி மங்கும்னு சொல்வாங்களே, வயித்துப் பக்கம் லேசா நிழல் மாதிரிதான் தெரிஞ்சுது, வாயோரத்துல ஒரு துருப்பிடிச்ச தூண்டில் முள், அந்தக் கருப்புக் கண்ணு மெதுவா என் பக்கம் திரும்பி என்னையே பாத்துட்டுப் போச்சு. பயத்தை விட மரியாதைதான் வந்துச்சு. இவ்வளவு கிட்டக்க வேற எதுவும் வராது, ஆனா அது வந்தது சூரைத் தலைக்கு.

அதனாலதான் என் ஓட்டு வாவுக்கு. நீரோட்டம் கடல்லேர்ந்து அட்டோலுக்குள்ள பாயுற நேரம் பாத்து அட்டோல் விளிம்புல இருக்குற கால்வாய் வாய்ல இறங்கணும், பாறையில கயிறு கட்டின ஹூக்கை மாட்டிக்கிட்டு காத்துல பறக்குற கொடி மாதிரி தொங்கணும், மூச்சு விடுற ரெகுலேட்டரை வாயிலேர்ந்து பிடுங்கிக்கிட்டுப் போற மாதிரி இழுக்கும், அதனால நல்லா டைவ் அடிச்சுப் பழகினவங்க மட்டும் போங்க. எதிர்ல இருபது முப்பது க்ரே ரீஃப். நான் மொத்த பலத்தோட பிடிச்சுக்கிட்டுக் கிடக்குற அதே ஓட்டத்துல அதுங்க வாலை லேசா அசைச்சுக்கிட்டு அப்படியே நிக்குது, செவுள் அஞ்சும் திறந்து மூடுறது தெரியுது. யாரும் இரை போட்டுக் கூப்பிடல. 2010ல சுறா மீன்பிடிய நாடு முழுக்க நிறுத்தினாங்க, அதனாலதான் இன்னும் இத்தனை மிச்சம் இருக்கு. முதுகை வளைச்சு பக்கத் துடுப்பைக் கீழ இறக்குச்சுன்னா மட்டும் எரிச்சல்ல இருக்குன்னு அர்த்தம், மெதுவா பின்வாங்கிடுங்க.

டைவிங் தெரியாதவங்க தெற்கு ஆரியே போங்க, ஆனா காலையில முதல் ஆளா கிளம்புற, ஏற்கனவே படகு கூடியிருந்தா நிக்காம தாண்டிப் போற ஆப்பரேட்டரா கேட்டுப் பிடிங்க. அதுவும் தோதுப்படலன்னா சாயங்காலம் தீவுக் கரையில முழங்கால் தண்ணியில அசையாம நின்னு பாருங்க, துடுப்பு நுனி கருப்பா குட்டி ப்ளாக்டிப் சுறா பொடி மீனைத் துரத்திக்கிட்டு காலுக்குப் பக்கத்துலயே போகும்.