ஜாவா ரிஃப்ளெக்ஷன்: ஜாவா 8 முதல் 21 வரை கூடவே வந்த அனுபவம்

ஒரு ஆப்ஜெக்டின் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிட்டு, மாறிய ஃபீல்டுகளை மட்டும் ஆடிட் லாகில் எழுதும் சின்ன லைப்ரரி ஒன்றை ஜாவா 8 காலத்திலிருந்து பராமரித்து வருகிறேன். இப்போது அது ஜாவா 21இல் ஓடுகிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒப்பீட்டைக் கையால் எழுதலாம்தான். ஆனால் புது ஃபீல்டு சேர்க்கிறவர் ஞாபகமாக ஒப்பீட்டிலும் சேர்ப்பார் என்று நம்ப முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே ரிஃப்ளெக்ஷன், அதாவது ஓடும் நிரலே ஒரு கிளாஸின் ஃபீல்டுகளைத் தேடிப் படிக்கும் வசதி, வேண்டும் என்பேன்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இரண்டு மெத்தடுகளில். கெட்ஃபீல்ட்ஸ் பப்ளிக் ஃபீல்டுகளை மட்டும், பேஸ் கிளாஸில் உள்ளவற்றையும் சேர்த்துத் தரும். கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸ் பிரைவேட்டையும் தரும், ஆனால் அந்தக் கிளாஸோடு நின்றுவிடும். ஐடி, உருவாக்கிய தேதி எல்லாம் பேஸ் கிளாஸில் இருந்தால், கெட்சூப்பர்கிளாஸ் வழியாகப் படிப்படியாக மேலே ஏறித்தான் பொறுக்க வேண்டும். வரிசைக்கும் உத்தரவாதம் கிடையாது. அப்புறம் அழையா விருந்தாளிகள் சிலர் உண்டு: டெஸ்ட் கவரேஜுக்காக ஜாகோகோ ஓடினால், அது தன் பங்குக்கு ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டைச் செருகிவிடும். நாம் எழுதாமல் செருகப்பட்டதா என்று இஸ்சிந்தெட்டிக் மூலம் கேட்டுக் கழித்துவிடலாம்.

அதிகம் படுத்தியது ஹைபர்நேட், ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி. லேஸி லோடிங்கில் (தேவைப்படும்போதுதான் தகவலை எடுப்பது) பல நேரம் கைக்கு வருவது அசல் ஆப்ஜெக்ட் இல்லை, அதன் சப்கிளாஸாகச் செய்த ப்ராக்ஸி, அதாவது பதிலி. கெட்டரைக் கூப்பிட்டால் வாடிக்கையாளர் பெயர் ஒழுங்காக வரும். அதே ஃபீல்டை ரிஃப்ளெக்ஷனில் படித்தால் நல் (null), அதாவது வெற்று. டேட்டாபேஸிலிருந்து தகவல் வந்து சேர்ந்த பிறகும் நல்தான், ஏனென்றால் அது போய் உட்கார்வது ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் அசல் ஆப்ஜெக்டில். மாறாத பெயர் மாறியதாக லாகில் விழும். அதனால் முதலில் அன்ப்ராக்ஸி செய்து அசலை எடுப்பது, பிறகுதான் ஒப்பீடு.

ஜாவா 9இல் (2017) மாட்யூல்கள் (உள்பகுதிகளை மறைத்து வைக்கும் பிரிவுகள்) வந்ததும், ஜேடிகே-யின் (ஜாவாவோடு வரும் கிளாஸ்களும் கருவிகளும்) உள் ஃபீல்டுகளைத் தொட்டால் எச்சரிக்கை மட்டும் வந்தது. ஜாவா 16இல் அது இயல்பாகவே தடையானது. 17இல் (2021) தடையை ஒரேயடியாகத் தளர்த்தும் ஆப்ஷனும் போனது. அர்ரேலிஸ்டுக்குள் நுழைய, பிரைவேட்டைத் திறக்கும் செட்ஆக்சஸிபிள் போட்டால் இனாக்சஸிபிள்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன்தான். ஆட்ஓப்பன்ஸ் என்ற ஆப்ஷனைக் கொடுத்துத் தேவையான பேக்கேஜை மட்டும் இன்னமும் திறக்கலாம், பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். நாங்கள் ஜேடிகே கிளாஸ்களின் ஒப்பீட்டை அவற்றின் ஈக்வல்ஸ் மெத்தடிடமே விட்டுவிட்டோம். ஒரு லிஸ்ட் மாறியதா என்று கேட்க அதன் வயிற்றைக் கிழித்துப் பார்க்கத் தேவையில்லையே!

வேகத்தைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸ் ஒவ்வொரு அழைப்புக்கும் புது அர்ரே தருகிறது, எனவே ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு மதிப்பைச் சேமிக்கும் கிளாஸ்வேல்யூவில் கேஷ் செய்து வைக்கிறோம். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டி வரவில்லை. எங்கள் நேரத்தைத் தின்பது டேட்டாபேஸ்.

படிக்க மட்டுமே ரிஃப்ளெக்ஷனைத் தொடுகிறோம், மதிப்பை மாற்ற இல்லை. ரெக்கார்டுகளில் (உருவான பின் ஃபீல்டுகள் மாறாத கிளாஸ்கள்) அது எப்படியும் நடக்காது: செட்ஆக்சஸிபிள் போட்டாலும் இல்லீகல்ஆக்சஸ்எக்செப்ஷன் வரும். படிப்பதற்கோ கெட்ரெக்கார்ட்காம்போனன்ட்ஸ் இருக்கிறது, அதில் வரிசையும் எழுதியபடியே கிடைக்கும். புது கிளாஸ்களை முடிந்தவரை ரெக்கார்டாகவே எழுதச் சொல்லி வருகிறேன்.