609 டாலர் போச்சு: டார்க் ரெஞ்ச் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி ரைபிளிலிருந்து ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) கழற்றினேன். அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் ரிங் இருந்த இடத்தில், நகத்தால் தடவினாலே தட்டுப்படும் பள்ளம். ஒரு வாரமாக ஜூம் வளையம் இறுகிக்கொண்டு திரும்ப மறுத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஸ்கோப் 540 டாலர், அதை மாட்டிய டார்க் ரெஞ்ச் (ஸ்க்ரூவைக் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் கருவி) 69. மொத்தம் 609.

நான் இருப்பது டெக்சாஸில். மான் சீசனுக்காக செப்டம்பரில் பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் நிதானமாகப் பேசினார். "ரிங் ஸ்க்ரூவுக்கு 18 இன்ச்-பவுண்டு முறுக்கு விசை போதும். கைக்கணக்கில் முறுக்கினால் ஸ்கோப் குழல் நசுங்கும். என் துப்பாக்கிக்கும் இதே ரெஞ்ச்தான்" என்று சொல்லி, அதைத் திருகி, வைத்த அளவு வந்ததும் எழும் 'டிக்' சத்தத்தை என் காதருகே கேட்க வைத்தார். அந்தச் சத்தத்தில் விழுந்தேன். பெட்டிக்குள் ±4 சதவீதம் என்று அளவுத்திருத்தச் சான்றிதழ் வேறு.

நேற்று அந்த ரெஞ்சை வைஸில் (மேசைப் பிடிப்பான்) படுக்கைவாட்டில் பிடித்து, 18-ல் வைத்து, நடு அச்சிலிருந்து சரியாக 6 அங்குலத்தில் மீன்பிடி ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டேன். 6 அங்குலம் × 3 பவுண்டு = 18, அதனால் 3 பவுண்டில் சொடுக்க வேண்டும். இல்லை. 4 பவுண்டு, இல்லை. 5-வது பவுண்டு ஏறியதும்தான் 'டிக்'. அதாவது 18 என்று நம்பி நான் முறுக்கியது 30 வரை போயிருக்கிறது! சான்றிதழை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன் (என் தப்புதான்). அதிலிருந்த வரிசை எண் ஒன்று, ரெஞ்சில் பொறித்திருந்தது வேறொன்று. சோதித்த அளவுகள் 20, 60, 100. 18-ஐப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

காலையில் கடைக்குப் போனேன். அதே பெரியவர். "30 நாள் தாண்டிவிட்டதே" என்றார். அப்புறம் "ஸ்க்ரூ தளராமல் இருக்க மரைக்குப் பசை போட்டீர்களா?" போடவில்லை. "அப்படியானால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்." தயாரிப்பாளருக்குப் போன் போட்டால், வாங்கிய கடையைக் கேட்கச் சொல்கிறார்கள். ஸ்கோப் கம்பெனியோ, அதிகம் முறுக்கியதால் வந்த சேதத்துக்கு வாரன்டி இல்லை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது. 609 டாலருக்கு யாரும் பொறுப்பில்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: வரிசை எண் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். 100 வரை போகிற ரெஞ்சை 18-க்கு நம்பாதீர்கள், இப்படி 'டிக்' அடிக்கும் ரெஞ்சுகளுக்குப் பொதுவாக உச்ச அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே உத்தரவாதம் கிடையாது. மரைப்பசை போட்டால் அளவைக் குறையுங்கள், ஈரமான மரை இன்னும் இறுகும். வேலை முடிந்ததும் ரெஞ்சின் ஸ்பிரிங்கை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். ஸ்கோப்பில் வைக்கும் முன் ஒரு தடவை எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

சனிக்கிழமை சீசன் ஆரம்பம். என் ரைபிள் ஸ்கோப் இல்லாமல் பீரோவில் கிடக்கிறது.