வேகச் சோதனை எக்ஸ்போர்ட்டர்: மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததில்

மாலை ஏழு மணியானால் வீடியோ அழைப்பில் என் முகம் அசையாமல் நின்றுவிடும். இணையச் சேவைக்காரர்களைக் கேட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சார்" என்பார்கள். அவர்கள் முன்னால் நீட்ட ஒரு வரைபடம் வேண்டும் என்ற வீம்பில்தான், வேகச் சோதனை முடிவுகளை ப்ரோமிதியஸ் (அளவீடுகளை அவ்வப்போது கேட்டு வாங்கிச் சேமிக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளும்படி தரும் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் ஒன்றை டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) நிறுவினேன்.

நிறுவப் பத்து நிமிடம் போதும். ஆனால் முதல் நாள் முழுக்க ஒரு எண்கூட வரவில்லை. ப்ரோமிதியஸ் கேட்டுவிட்டு 10 விநாடிதான் காத்திருக்கும். சோதனை முடிய அரை நிமிடம் பிடிக்கிறது. பதில் வருவதற்குள் அது கிளம்பிவிடுகிறது. அதைவிடக் கூத்து, நிமிடத்திற்கு ஒரு முறை கேட்பது அதன் இயல்பு. ஆக, நிமிடந்தோறும் ஒரு சோதனை ஓடி, முடிவு யாருக்கும் போய்ச் சேராமல், இணைப்பை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. "இன்றைக்கு நெட் ஏன் இவ்வளவு மோசம்?" என்று மனைவி கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை.

மற்ற எக்ஸ்போர்ட்டர்கள் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்பவை. இது கேட்கிறபோதெல்லாம் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்கிறது. 100 மெகாபிட் இணைப்பை 10 விநாடி நிரப்பினால் 125 மெகாபைட் காலி. மணிக்கு ஒன்று என்றாலே பதிவிறக்கம் மட்டும் நாளுக்கு 3 ஜிகாபைட். மாத வரம்பு உள்ளவர்கள் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

சரி, மணிக்கு ஒரு முறை கேட்கட்டும் என்று மாற்றினேன். அந்த எண்களை வரைபடமாகக் காட்டும் கிராஃபனாவில் கோடு போய்ப் புள்ளிகள் வந்தன. ஐந்து நிமிடத்துக்கு மேல் புதிய மதிப்பு வராவிட்டால் ப்ரோமிதியஸ் பழையதைக் கைவிட்டுவிடும். இந்த எக்ஸ்போர்ட்டரின் உண்மையான அருமை தெரிந்தது அப்போதுதான்: முடிவைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் வசதி இதில் இருக்கிறது. அதை 3600 விநாடி என்று வைத்து, கேட்கும் இடைவெளியைப் பழையபடி ஒரு நிமிடத்துக்கே திருப்பி, காத்திருப்பு நேரத்தையும் ஒரு நிமிடமாக்கினேன். ப்ரோமிதியஸ் நிமிடந்தோறும் கேட்கிறது, சோதனை மணிக்கு ஒன்றுதான் ஓடுகிறது, கோடும் அறுவதில்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய இந்தச் செய்தி ஏதோ ஒரு மூலையில் கிடந்தது.

இன்னொரு குறை: சோதனை தோற்றால் வேகம் 0 என்று எழுதிவிடுகிறது. சராசரி தரைமட்டமாகிறது. வெற்றியா தோல்வியா என்பதைத் தனி மெட்ரிக்காக (அளவீடாக) தருகிறது, அதைக்கொண்டு வடிகட்டிக்கொள்ளலாம். சோதனைச் சர்வரையும் ஒன்றாக நிலைநிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் சர்வர் மாறியதை இணைப்பின் கோளாறு என்று நினைத்துச் சண்டைக்குப் போவீர்கள். நான் ஒரு முறை போனேன். ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி போன்ற பழைய பெட்டியில் ஓட்டினால் அதன் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட்டைத் தாண்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

வீம்பு என்ன ஆயிற்று என்றால், ஏழு மணிக்கும் பதிவிறக்க வேகம் 90 மெகாபிட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. எகிறியது பிங்தான், அதாவது ஒரு சிறு செய்தி போய்ப் பதில் வர ஆகும் நேரம்: பகலில் 9 மில்லிவிநாடி, இரவில் 140. அதைப் பிடிக்க மணிக்கொரு சோதனை போதாது. இணைப்பைத் தட்டிப் பார்த்துப் பதில் வருகிறதா என்று அளக்கும் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரில் 15 விநாடிக்கு ஒரு பிங் வைத்திருக்கிறேன். வேகச் சோதனையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டேன்.